விடுதி அறையில் குடும்பங்கள், வெறும் வீட்டில் காத்திருந்த குழுக்கள்: கனடாவின் அகதிப் பொறுப்பேற்பு ஏற்பாட்டில் யார் யாரோடு பேசுகிறார்கள்?

2016 ஜனவரியில் கனடாவின் பெருநகரங்களில் இரண்டு காட்சிகள் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருந்தன. லெபனானிலிருந்தும் ஜோர்டானிலிருந்தும் அரசுச் செலவில் அழைத்துவரப்பட்ட சிரியக் குடும்பங்கள் விடுதி அறைகளில் வாரக்கணக்கில் அடைந்து கிடந்தன. நான்கைந்து குழந்தைகளோடு வந்தவர்களுக்கு, அரசு தரும் உதவித்தொகைக்குள் அடங்குகிற வாடகை வீடு எளிதில் அகப்படவில்லை. வான்கூவர், டொராண்டோ, ஒட்டாவா ஆகிய நகரங்களில் இயங்கிய குடியமர்வு அமைப்புகள், சில நாட்களுக்குப் புதியவர்களை அனுப்புவதை நிறுத்திவையுங்கள் என்று மத்திய அரசைக் கேட்கும் நிலைக்கு வந்தன. அதே நகரங்களில், தேவாலயங்களைச் சேர்ந்தவர்களும் அண்டை வீட்டாரும் அலுவலக நண்பர்களும் கூடி அமைத்த நூற்றுக்கணக்கான குழுக்கள், பணம் திரட்டி, வீட்டை வாடகைக்குப் பிடித்து, கட்டிலும் பாத்திரமும் வாங்கி வைத்துவிட்டு, தங்களுக்குரிய குடும்பம் எப்போது வந்து சேரும் என்று அரசு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தன.

நல்லெண்ணத்துக்கும் பணத்துக்கும் அங்கே குறைவே இருக்கவில்லை. வீடும் இருந்தது, வீடற்றவர்களும் இருந்தார்கள். இருவரையும் சேர்த்துவைக்கும் வழிதான் இல்லை. காரணம் எளியது. விடுதியில் இருந்தவர்கள் ‘அரசு உதவிபெறும் அகதிகள்’ என்ற வகையினர். குழுக்கள் காத்திருந்தது ‘தனியார் பொறுப்பேற்ற அகதிகள்’ என்ற வேறொரு வகையினருக்காக. அவர்களுடைய கோப்புகள் இன்னும் வெளிநாட்டுத் தூதரக மேசைகளில் கிடந்தன. ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு ஒரு குடும்பத்தை மாற்றிவிட விதியில் இடமில்லை. அகதிகளின் மீள்குடியமர்வில் அரசும் மக்களும் பன்னாட்டு அமைப்புகளும் கைகோக்க வேண்டும் என்று மாநாடுதோறும் சொல்லப்படுகிறது. அந்தக் கைகோப்பு எந்த இடத்தில் உண்மையாகவே நிகழ்கிறது, எந்த இடத்தில் அறுந்துபோகிறது என்று பார்க்க, அதை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவரும் கனடாவைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

முதலில் ஒரு சொற்சிக்கலைத் தீர்த்துக்கொள்வது நல்லது. இலங்கைத் தமிழில் ‘மீள்குடியேற்றம்’ என்றால், போரினால் இடம்பெயர்ந்தவர்கள் தங்கள் சொந்த ஊருக்கே திரும்பிப் போய்க் குடியமர்வது. இங்கே பேசப்படுவது ஏறத்தாழ அதற்கு நேர்மாறானது. தன் நாட்டை விட்டுத் தப்பி, அடைக்கலம் புகுந்த முதல் நாட்டிலும் நிலையாக வாழ முடியாத ஒருவரை, மூன்றாவது நாடொன்று தானாக முன்வந்து தேர்ந்தெடுத்து, நிரந்தர வாழிட உரிமை தந்து அழைத்துக்கொள்வதே மீள்குடியமர்வு. தாயகம் திரும்புதல், புகுந்த நாட்டிலேயே வேரூன்றுதல், மூன்றாம் நாட்டில் குடியமர்தல் என்று ஐ.நா. அகதிகள் முகமை சொல்லும் மூன்று நிலையான தீர்வுகளில் இது கடைசி. எண்ணிக்கையிலும் மிகச் சிறியது. உலக அகதிகளில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானவர்களுக்கே ஓராண்டில் இந்த வாய்ப்புக் கிடைக்கிறது. புகலிடம் கேட்டு எல்லைக்கு வருபவரைத் திருப்பி அனுப்பாமல் இருப்பது 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட நாடுகளின் கடமை. மீள்குடியமர்வு அப்படிப்பட்ட கடமை ஆகாது, நாடுகள் விரும்பினால் செய்வது. விரும்பினால் செய்வது என்பதாலேயே, யார் எவ்வளவு சுமப்பது என்ற பேரம் இதில் எப்போதும் இருந்துகொண்டே இருக்கிறது.

ஒரு குடும்பம் பெய்ரூட்டிலிருந்து வின்னிபெக்குக்கு வந்து சேர எத்தனை கைகள் மாற வேண்டும் என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஐ.நா. முகமை அவர்களைப் பதிவுசெய்து, மிகுந்த ஆபத்தில் இருப்பவர்கள் என்று கண்டு பரிந்துரைக்கிறது. கனடாவின் குடிவரவு அதிகாரி நேர்காணல் செய்கிறார். பாதுகாப்புச் சோதனையை வேறு துறைகள் நடத்துகின்றன. மருத்துவப் பரிசோதனைக்கும் பயணத்துக்கும் பன்னாட்டுப் புலம்பெயர்வு அமைப்பு ஏற்பாடு செய்கிறது. அடைக்கலம் தந்த நாடு வெளியேறும் அனுமதியை வழங்கியாக வேண்டும். விமானம் தரையிறங்கியதும் பொறுப்பு ஓர் உள்ளூர்க் குடியமர்வு அமைப்புக்கோ தனியார் குழுவுக்கோ போகிறது. பள்ளியும் மருத்துவமனையும் மாகாணத்தின் பொறுப்பு. பேருந்தும் நூலகமும் சில இடங்களில் குறைந்த வாடகைப் பொதுக் குடியிருப்பும் நகராட்சியின் பொறுப்பு. விமானச் செலவு? அது பெரும்பாலும் அகதியின் பெயரில் கடனாக எழுதப்படுகிறது. அந்தக் கடனுக்கு வட்டி வாங்குவதைக்கூடக் கனடா 2018-இல்தான் நிறுத்தியது. இத்தனை தரப்புகளும் பங்கேற்கும் ஏற்பாட்டில், பங்கைக் கடனாகச் சுமந்துகொண்டு வாழ்க்கையைத் தொடங்குபவர் அகதி மட்டுமே என்பதைப் போகிற போக்கில் குறித்துக்கொள்ளலாம்.

தனியார் பொறுப்பேற்பு என்ற ஏற்பாடு சட்டத்துக்குள் வந்தது 1976-ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தின் வழியாக. அது 1978-இல் நடைமுறைக்கு வந்தது. கனடாத் தமிழர் பேச்சில் ‘ஸ்பொன்சர் செய்வது’ என்றால் மனைவியையோ பெற்றோரையோ அழைத்துக்கொள்வது. சட்டத்தின் இந்தப் பிரிவு சொன்னதோ வேறு: முன்பின் தெரியாத ஐந்து பேரோ ஓர் அமைப்போ, முன்பின் தெரியாத ஓர் அகதிக் குடும்பத்துக்கு ஓராண்டுக் காலம் வீடு, உணவு, உடை, வழிகாட்டல் எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்று அரசோடு கையெழுத்திடலாம். சட்டம் வந்த புதிதில் அதைப் பயன்படுத்த முன்வந்தவர்கள் மிகச் சிலரே. ஒரு குழு தவறினால் முழுச் சுமையும் தனிமனிதர்கள் தலையில் விழும் என்ற அச்சம் இருந்தது. அதைத் தீர்த்தது 1979 மார்ச்சில், மெனனைட் என்னும் கிறித்தவப் பிரிவினரின் தொண்டு அமைப்பான மெனனைட் மத்தியக் குழு அரசோடு செய்துகொண்ட முதல் பொது ஒப்பந்தம். தாய் அமைப்பு ஒருமுறை கையெழுத்திட்டுப் பொறுப்பேற்றுக்கொள்ளும், அதன் கீழ் ஊர்தோறும் உள்ள சபைகள் தனித்தனியே குடும்பங்களை வரவேற்கும் என்பதே அதன் சாரம். மெனனைட்டுகளில் பலர் 1920-களில் சோவியத் மண்ணிலிருந்து தப்பி வந்தவர்களின் பிள்ளைகள். மற்றத் திருச்சபைகளும் அதே வடிவத்தைப் பின்பற்றின. பார்வைக்கு வெறும் அலுவலகத் தாளாகத் தெரியும் இந்த ஒப்பந்தம்தான் பின்னர் நடந்த எல்லாவற்றுக்கும் அச்சாணி என்பது என் கருத்து. இரக்கத்தை நிலையான நிறுவன வடிவமாக மாற்றியது அதுவே.

சில மாதங்களில் அதற்கான சோதனை வந்தது. வியட்நாம், கம்போடியா, லாவோஸ் நாடுகளிலிருந்து கடல்வழியாகவும் தரைவழியாகவும் தப்பியவர்களால் தென்கிழக்காசிய முகாம்கள் நிரம்பி வழிந்தன. 1979 ஜூலையில் ஜெனீவாவில் கூடிய மாநாட்டையொட்டிக் கனடா 50,000 பேரை ஏற்பதாக அறிவித்தது. மக்கள் ஒருவரைப் பொறுப்பேற்றால் அரசு இன்னொருவரை ஏற்கும் என்ற ‘ஒன்றுக்கு ஒன்று’ வாய்பாடு அந்த அறிவிப்பின் உயிர்நாடி. அப்போதைய குடிவரவு அமைச்சர் ரான் ஆட்கி, நாஜிகளிடமிருந்து தப்ப முயன்ற யூதர்களுக்குக் கனடா கதவடைத்ததைப் பற்றி இரண்டு வரலாற்றாசிரியர்கள் எழுதி அச்சேறாமல் இருந்த ஆய்வைப் படித்திருந்தார் என்பதும், அது அவருடைய முடிவில் பங்கு வகித்தது என்பதும் பதிவாகியிருக்கும் செய்திகள். ஒட்டாவா மேயர் மரியன் டூவர் தன் நகரம் 4,000 பேரை ஏற்கும் என்று ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். டொராண்டோவில் பேராசிரியர் ஹாவர்ட் அடெல்மனின் வீட்டில் கூடிய அண்டை அயலார் ‘ஆபரேஷன் லைஃப்லைன்’ என்ற அமைப்பை உருவாக்கினார்கள். நாடெங்கும் அதற்குக் கிளைகள் முளைத்தன.

அந்த ஆண்டுகளின் வெற்றியைச் சொல்லும்போது மக்களின் பெருந்தன்மையைப் பற்றியே பெரும்பாலோர் பேசுகிறார்கள். அரசுப் பக்கம் நடந்த, அவ்வளவாகப் பேசப்படாத பணிகளும் அதே அளவு முக்கியமானவை. எட்மன்டனிலும் மான்ட்ரியாலிலும் இருந்த படை முகாம்கள் வரவேற்பு நிலையங்களாக மாற்றப்பட்டன. விமானம் இறங்கியவர்களுக்கு அங்கே குளிராடை, மருத்துவச் சோதனை, குடிவரவுத் தாள்கள் எல்லாம் ஒரே இடத்தில் முடிந்தன. எந்தக் குடும்பத்தை எந்த ஊர்க் குழுவோடு சேர்ப்பது என்று பார்ப்பதற்கென்றே தலைநகரில் ஒரு பொருத்துமையம் இயங்கியது. குழுக்களோடு தொடர்பு வைத்துக்கொள்வதற்கென்று தனி அதிகாரிகள் ஊர்களில் அமர்த்தப்பட்டார்கள். குழுக்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களைக் கேட்டுப் போராடாமல், அரசு அனுப்பும் யாரையும் ஏற்கத் தயாராக இருந்ததும் அந்த வேகத்துக்கு ஒரு காரணம். 2016-இல் இல்லாமல் போனது இந்த இணைப்புக்கண்ணிதான்.

ஆனால் 1979 முழுவதும் இனிமையான கதை அன்று. தனியார் குழுக்கள் எதிர்பார்த்ததைவிட மிக விரைவாகத் தங்கள் பங்கைத் தாண்டிச் சென்றுவிட்டன. அந்த டிசம்பரில் அரசு ஒரு கணக்குப் போட்டது: மக்கள் இவ்வளவு பேரை ஏற்கிறார்களானால், மொத்த எண்ணிக்கையை எட்ட அரசு தன் பங்கைக் குறைத்துக்கொள்ளலாம், மிச்சமாகும் பணத்தைக் கம்போடிய நிவாரணத்துக்குத் திருப்பலாம். நிதி அமைச்சகக் கண்ணோடு பார்த்தால் குற்றம் சொல்ல முடியாத ஏற்பாடு. ஆனால் ‘நாங்கள் ஒருவரைக் கூட்டினால் நீங்களும் ஒருவரைக் கூட்டுவீர்கள்’ என்ற வாக்கை நம்பிக் கையெழுத்திட்டவர்களுக்கு அது நம்பிக்கைத் துரோகமாகப் பட்டது. எதிர்ப்புக் கிளம்பியது. 1980-இல் ஆட்சி மாறிய பின் அரசு தன் பங்கில் மேலும் 10,000 பேரைச் சேர்த்தது. இரண்டு ஆண்டுகளில் மொத்தம் ஏறத்தாழ 60,000 பேர் வந்தார்கள், அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தனியார் பொறுப்பில். 1986-இல், அகதிகளுக்குத் தொண்டாற்றியவர்களுக்கு ஐ.நா. முகமை வழங்கும் நான்சென் விருது கனடா மக்கள் அனைவருக்குமாகச் சேர்த்து வழங்கப்பட்டது. ஒரு நாட்டு மக்கள் முழுவதற்கும் அந்த விருது தரப்பட்டது அதுவரை நடந்ததில்லை.

அந்த டிசம்பர்ப் பூசலிலிருந்து பிறந்ததுதான் இன்றுவரை குழுக்கள் விடாமல் பற்றிக்கொண்டிருக்கும் ‘கூடுதல்’ கொள்கை. மக்கள் அழைத்துவருபவர்கள் அரசு அழைத்துவருபவர்களுக்கு மேலதிகமாக இருக்க வேண்டும், அவர்களுக்குப் பதிலாக இருக்கக் கூடாது என்பது அதன் பொருள். இதைக் கணக்கில் காட்டுவது கடினம். மக்கள் முன்வராமல் இருந்திருந்தால் அரசு எத்தனை பேரை அழைத்திருக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. 2018-ஆம் ஆண்டுக்கான கனடாவின் திட்டத்தில் அரசு உதவிபெறுவோருக்கு 7,500 இடங்களும், தனியார் பொறுப்பேற்போருக்கு 18,000 இடங்களும் ஒதுக்கப்பட்டன. அந்த ஆண்டு 28,000-க்கும் மேற்பட்டோரை ஏற்று, அமெரிக்காவையும் முந்தி, உலகில் மிகுதியாக மீள்குடியமர்த்திய நாடு என்ற பெயரைக் கனடா பெற்றது. அந்தப் பெருமையின் பெரும்பங்குச் செலவு தேவாலயக் கூடங்களில் வசூலான பணத்திலிருந்தும் உறவினர்களின் சேமிப்பிலிருந்தும் வந்தது என்பதை அமைச்சர்களின் உரைகள் அழுத்திச் சொல்வதில்லை.

இரண்டாவது இழுபறி, யாரை அழைப்பது என்பது பற்றியது. பொறுப்பேற்பவர்கள் தாங்கள் விரும்பும் அகதியின் பெயரைச் சொல்லிக் கேட்கலாம் என்பது கனடா முறையின் தனித்தன்மை. இதனால் ஒருமுறை வந்த குடும்பம், தன் அண்ணனையும் அத்தையையும் அடுத்தடுத்து அழைக்க அதே குழுவின் கதவைத் தட்டுகிறது. ஆய்வாளர்கள் இதை ‘எதிரொலி’ என்கிறார்கள். பிரிந்த குடும்பங்கள் சேர்வதற்கு வேறு சட்ட வழிகள் மிகக் குறுகலாக இருப்பதால் இந்த வழி நிரம்பி வழிகிறது. ஐ.நா. முகமையோ, உறவினர் யாருமற்ற, மிகுந்த ஆபத்தில் இருப்பவர்களுக்கு முதலிடம் தர வேண்டும் என்கிறது. இரண்டும் நியாயமே. இவற்றைச் சமன்செய்ய 2013-இல் கனடா ஒரு கலப்பு வகையை உண்டாக்கியது: ஐ.நா. பரிந்துரைத்தவரைக் குழு ஏற்கும், ஆறு மாத வருமானச் செலவை அரசும் மீதி ஆறு மாதத்தைக் குழுவும் பகிர்ந்துகொள்ளும். தாளில் இதைவிட அழகான கூட்டுறவு இருக்க முடியாது. சிரிய நெருக்கடியின் உச்சத்தில் இந்த வகைக்கு அவ்வளவு தேவை எழுந்தது. ஆனால் குழுக்கள் தேடியபோது பட்டியலில் குடும்பங்கள் இருக்கவில்லை. பின்னர் பட்டியல் இருந்தது, குழுக்களின் ஆர்வம் குறைந்துவிட்டது. 2018-இல் 1,500 இடங்களைக் கொண்டிருந்த அந்த வகை, பிந்தைய ஆண்டுகளின் திட்டங்களில் மிகச் சிறிய எண்ணாகச் சுருங்கிவிட்டது.

2015-16 நிகழ்வுகளுக்குத் திரும்பிப் பார்த்தால் இதன் பொருள் தெளிவாகும். துருக்கிக் கடற்கரையில் உயிரற்றுக் கரையொதுங்கிய சிரியச் சிறுவனின் படம் 2015 செப்டம்பரில் வெளியானது. அடுத்த மாதத் தேர்தலில் வென்ற கட்சி 25,000 சிரியர்களை ஆண்டு இறுதிக்குள் அழைத்துவருவதாக வாக்களித்திருந்தது. பிறகு காலக்கெடு பிப்ரவரி இறுதிக்குத் தள்ளப்பட்டது. 2015 நவம்பர் 4 முதல் 2016 பிப்ரவரி 29 வரை 26,172 பேர் வந்தார்கள்: அரசு உதவியில் 14,994 பேர், தனியார் பொறுப்பில் 8,954 பேர், கலப்பு வகையில் 2,224 பேர். எண்ணிக்கை எட்டப்பட்டது, ஆனால் தேதியை முடிவுசெய்தவர் ஒருவர், வீடு தேட வேண்டியவர் வேறொருவர். வருகிற குடும்பத்தில் எத்தனை குழந்தைகள், யாருக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்ற செய்தி உள்ளூர் அமைப்புகளுக்குப் பல நேரங்களில் கடைசி நாட்களில்தான் கிடைத்தது. மார்ச் மாதம் பிறந்ததும், கெடுவுக்காக அனுப்பப்பட்டிருந்த கூடுதல் விசா அதிகாரிகள் திரும்ப அழைக்கப்பட்டார்கள்; வாடகை கொடுத்துக்கொண்டிருந்த குழுக்கள் கொதித்தெழுந்தன. மார்ச் 31 வரை வந்த விண்ணப்பங்களை விரைந்து முடிப்பதாக அமைச்சர் ஜான் மக்கலம் உறுதியளிக்க வேண்டிவந்தது. என் பார்வையில், அந்தக் குளிர்காலத்தின் குழப்பம் அவசரத்தால் மட்டும் விளைந்ததன்று. எண்ணிக்கையை முடிவுசெய்யும் மேசையில், அதன் விளைவைச் சுமக்கும் ஊர்களுக்கு நாற்காலி போடப்படாததன் விளைவு அது.

ஊர்களுக்கு நாற்காலி போடும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 2008-இலிருந்து, முதலில் ஒன்டாரியோவில், பிறகு பிற மாகாணங்களிலும் ‘உள்ளூர்க் குடிவரவுக் கூட்டமைப்புகள்’ அமைக்கப்பட்டன. நகராட்சி, பள்ளி வாரியம், மருத்துவமனை, வேலையளிப்போர், குடியமர்வு அமைப்பு எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஊருக்கான திட்டம் வகுப்பதே அவற்றின் வேலை. இன்று எண்பதுக்கும் மேற்பட்டவை இயங்குகின்றன. இவை நேரடியாகச் சேவை வழங்குவதில்லை, பணம் பகிர்வதுமில்லை. சேர்ந்து பேசவைப்பது மட்டுமே பணி. அதனால் அவற்றைப் பேச்சுக்கடை என்று எள்ளுபவர்களும் உண்டு. ஆனால் சிரியர்கள் வந்தபோது, ஏற்கெனவே ஒருவருக்கொருவர் தொலைபேசி எண் தெரிந்திருந்த ஊர்களில் பள்ளிச் சேர்க்கையும் தடுப்பூசியும் விரைவாக நடந்தன என்பதை அந்த எள்ளலுக்கு எதிரில் வைக்க வேண்டும். கியூபெக்கின் நிலை தனி. 1991-ஆம் ஆண்டின் உடன்பாட்டின்படி வெளிநாட்டிலிருந்து வரும் அகதிகளைத் தேர்ந்தெடுப்பதில் அம்மாகாணத்துக்குச் சொந்த அதிகாரம் உண்டு. பொறுப்பேற்பு விதிகளும் அங்கே வேறு.

ஒரு தரப்பு தன்னிச்சையாகப் பின்வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு 2012 நல்ல எடுத்துக்காட்டு. அகதிகளுக்கான இடைக்கால மருத்துவக் காப்பை மத்திய அரசு அந்த ஜூன் மாத இறுதியில் வெட்டியது. தனியார் பொறுப்பில் வந்தவர்கள் மருந்து, பல், கண் சிகிச்சைக்கான காப்பை இழந்தார்கள். ஓராண்டுக் குடும்பச் செலவுக்கு மட்டும் கணக்குப் போட்டுக் கையெழுத்திட்டிருந்த சபைகள், திடீரென்று நீரிழிவு மருந்துக்கும் செயற்கைக் காலுக்கும் பணம் தேட வேண்டியவர்களாயின. மருத்துவர்கள் தெருவில் இறங்கினார்கள்; சில மாகாணங்கள் தம் பணத்தில் இடைவெளியை நிரப்பின; மருத்துவர்களின் அமைப்பு நீதிமன்றம் சென்றது. 2014 ஜூலையில் கூட்டரசு நீதிமன்றம் அந்த வெட்டுகளைக் கொடுமையான, வழக்கத்துக்கு மாறான நடத்துமுறை என்று கூறி ரத்து செய்தது. 2016 ஏப்ரலில் காப்பு முழுமையாக மீண்டது. பொறுப்பேற்புக் குழுக்கள் தங்கள் ஒப்பந்தத்தை இன்னொரு தரப்பு ஒற்றை அறிவிப்பில் மாற்றிவிட முடியும் என்பதை அப்போதுதான் முழுமையாக உணர்ந்தன.

இனி, வந்து சேர்ந்த பிறகான வாழ்க்கை. தனியார் பொறுப்பில் வந்தவர்கள் விரைவில் வேலைக்குப் போகிறார்கள், கூடுதலாகச் சம்பாதிக்கிறார்கள் என்பதைக் கனடா அரசின் தரவுகள் தொடர்ந்து காட்டிவருகின்றன. சிரியர்களைப் பற்றி அரசு 2016-இல் நடத்திய விரைவு மதிப்பீட்டில், தனியார் பொறுப்பில் வந்த பெரியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் வேலையில் இருந்தார்கள். அரசு உதவியில் வந்தவர்களில் பத்தில் ஒருவர் மட்டுமே. இந்த எண்களை மட்டும் காட்டி, ‘அரசைவிட மக்களே சிறப்பாகச் செய்கிறார்கள், ஆகவே அரசு ஒதுங்கலாம்’ என்று வாதிடுபவர்கள் அதே மதிப்பீட்டின் இன்னொரு பக்கத்தையும் புரட்ட வேண்டும். அரசு உதவியில் வந்தவர்கள் பெரும்பாலும் குறைந்த படிப்பும் பெரிய குடும்பமும் கொண்டவர்கள், ஆங்கிலமோ பிரெஞ்சோ அறியாதவர்கள். ஆபத்தின் அளவைப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததால் அப்படித்தான் அமையும். இந்த வேறுபாடுகளையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் பொறுப்பேற்பின் பயன் ஓரளவு எஞ்சுகிறது, குறிப்பாகப் படிப்புக் குறைந்தவர்களிடம், என்று கனடாப் புள்ளியியல் துறையின் ஆய்வு கூறுகிறது. அதற்கான காரணம் ஊகிக்கக் கடினமன்று. ஐந்து கனடியர்களைத் தெரிந்தவருக்கு, அந்த ஐவருக்குத் தெரிந்த தச்சுக்கடைக்காரரையும் உணவக முதலாளியையும் தெரிய வாய்ப்பு உண்டு.

அந்த நெருக்கத்தின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பணத்தையும் வீட்டையும் மொழியையும் கையில் வைத்திருக்கும் குழுவுக்கும், எதுவும் இல்லாமல் வந்திறங்கும் குடும்பத்துக்கும் இடையே சமநிலை கிடையாது. குடும்பத்தின் பணத்தைக் குடும்பமே கையாள வேண்டும் என்பதைப் பயிற்சிகளில் மீண்டும் மீண்டும் சொல்ல வேண்டியிருப்பதே, அது தானாக நடப்பதில்லை என்பதற்குச் சான்று. எந்தப் பள்ளி, எந்த மதச் சபை, மகளுக்கு எந்த உடை என்பதில் அன்பின் பெயரால் தலையிடும் குழுக்கள் உண்டு. வந்தவர்கள் உறவினரோடு சேர வேறு நகரத்துக்குக் கிளம்பும்போது மனம் புண்படும் குழுக்களும் உண்டு. ஓராண்டு முடிந்ததும் ‘பதின்மூன்றாம் மாதம்’ வருகிறது. வேலை கிடைத்திராத குடும்பம் மாகாணத்தின் சமூக உதவிக்கு மாறும்போது, அதுவரை வீட்டுக்குள் வந்துபோன நண்பர்களின் இடத்தில் வரிசை எண் கொடுக்கும் அலுவலகம் வந்து நிற்கிறது.

வந்தவர்களே கொள்கை பேசும் மேசையில் இருந்தால் இவற்றில் பல முன்பே தெரிந்திருக்கும். மீள்குடியமர்வு பற்றிய உலகளாவிய கலந்தாய்வு 1995 முதல் ஜெனீவாவில் ஆண்டுதோறும் நடந்துவந்தது. அதன் பெயரே ‘முத்தரப்பு’. அரசுகள், தொண்டு நிறுவனங்கள், ஐ.நா. முகமை என்பவையே அந்த மூன்று தரப்பு; அகதிகள் நான்காவதாகக்கூட எண்ணப்படவில்லை. 2018 டிசம்பரில் ஐ.நா. பொதுப்பேரவை ஏற்ற அகதிகளுக்கான உலகளாவிய ஒப்பந்தம், சமூகம் முழுவதும் பங்கேற்கும் அணுகுமுறையை வலியுறுத்தியது. 181 நாடுகள் ஆதரித்தன. அமெரிக்காவும் ஹங்கேரியும் எதிர்த்தன. அடுத்த ஆண்டு ஜெனீவாவில் கூடிய முதல் உலக அகதிகள் மன்றத்துக்குக் கனடா தன் தூதுக்குழுவில் அகதியாக வந்த ஒருவரை ஆலோசகராகச் சேர்த்தது. கலந்தாய்வு அமைப்பிலும் அண்மை ஆண்டுகளில் அகதிகளின் பிரதிநிதிகளுக்கு இடம் உண்டு. தாமதமாக வந்தாலும் இது வெறும் அலங்காரமாக முடியாமல் இருக்க, அவர்களுக்கு வாக்கும் ஊதியமும் இருக்க வேண்டும். பேச அழைத்துவிட்டுப் பயணப்படியோடு அனுப்பிவிடுவது போதாது.

தமிழர்களுக்கு இந்த வரலாற்றில் ஒரு விநோதமான இடம் உண்டு. கனடாவில் இன்று பெருஞ்சமூகமாக வாழும் ஈழத்தமிழர்களில் பெரும்பாலோர் இந்தக் கதவின் வழியாக வரவில்லை. தாமாக வந்து சேர்ந்து புகலிடம் கேட்டவர்களும், அவர்கள் அழைத்த குடும்பத்தினரும்தான் மிகுதி. புகலிடம் கேட்பவருக்கு நேரில் விசாரணை பெறும் உரிமை உண்டு என்று 1985-இல் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அவர்களுக்குப் பெரும் துணையாயிற்று. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை உள்ளூர் மீனவர்கள் மீட்டார்கள். அவர்களுக்காக முன்கூட்டியே கையெழுத்திட்ட குழு எதுவும் இல்லை, வாடகைக்குப் பிடித்த வீடும் இல்லை. வழக்கறிஞரைக் காட்டுவது, அறையைப் பங்கிடுவது, முதல் வேலைக்குக் கூட்டிப்போவது ஆகிய வேலைகளை முன்னே வந்த உறவினரும் ஊர்ச் சங்கங்களும் தமிழ் அமைப்புகளும் செய்தன. பொறுப்பேற்புக் குழு ஓராண்டு செய்வதை, ஒப்பந்தமும் பெயரும் இல்லாமல் பல ஆண்டுகள் செய்தார்கள். ‘பங்குதாரர்’ பட்டியல்களில் இத்தகைய உழைப்பு அரிதாகவே இடம்பெறுகிறது.

கனடாவின் முறையைப் பிற நாடுகளுக்கு எடுத்துச்செல்ல 2016 டிசம்பரில் ஓர் உலக முன்முயற்சி தொடங்கியது. ஏற்றுமதியான ஒவ்வொரு இடத்திலும் அது உருமாறியது. பிரிட்டனில் குழுவிடம் குறைந்தது 9,000 பவுண்டு இருக்க வேண்டும், அதைவிட முக்கியமாக உள்ளூராட்சி மன்றத்தின் ஒப்புதல் வேண்டும். பெயர் சொல்லிக் கேட்க முடியாது. ஊராட்சி முன்கூட்டியே மேசையில் இருப்பதால் பள்ளியும் மருத்துவரும் தயாராக இருக்கிறார்கள். வேகமும் எண்ணிக்கையும் குறைவு. தொடக்கத்தில் அங்கே குழுக்கள் ஏற்றவர்கள் அரசு முன்பே அறிவித்த 20,000 பேரின் கணக்குக்குள்ளேயே சேர்க்கப்பட்டார்கள், அதாவது கூடுதல் கொள்கை அங்கே பயணப்படவில்லை. குழுக்கள் கேட்டுக் கேட்டு அதைப் பின்னர் பெற்றன. அமெரிக்கா 2023 ஜனவரியில் ஐந்து பேர் சேர்ந்து பொறுப்பேற்கும் திட்டத்தைத் தொடங்கி, 2025 ஜனவரியில் மீள்குடியமர்வையே நிறுத்திவைத்தபோது அதையும் சேர்த்து முடக்கியது. அங்கே குடியமர்வு முகமைகளுக்குப் பணம் தலைக்கணக்கில் தரப்படுவதால், வருகை குறையும் ஆண்டுகளில் அலுவலகங்கள் மூடப்பட்டு, மொழி தெரிந்த அனுபவமுள்ள பணியாளர்கள் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். வருகை மீண்டும் கூடும்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. 2021-இல் ஆப்கானியர்கள் வந்தபோது நடந்தது அதுவே.

கனடாவிலும் இப்போது கதவு பாதி மூடியிருக்கிறது. 2012-இலிருந்தே, அரசோடு பொது ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கும் ஒப்பந்த அமைப்புகளுக்கு ஆண்டுக்கு இத்தனை விண்ணப்பங்கள்தான் என்ற உச்சவரம்பு உண்டு. ஐவர் குழுக்களுக்கு வரம்பு இல்லாததால் விண்ணப்பங்கள் அங்கே குவிந்தன. இடங்களைவிட விண்ணப்பங்கள் பல மடங்கு பெருகிக் காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீண்டதைக் காரணம் காட்டி, 2024 நவம்பர் இறுதியில் ஐவர் குழுக்களிடமிருந்தும் சமூக அமைப்புகளிடமிருந்தும் புதிய விண்ணப்பங்கள் பெறுவதை மத்திய அரசு நிறுத்தியது. தடை 2025 இறுதி வரை என்று அப்போது அறிவிக்கப்பட்டது. ஒப்பந்த அமைப்புகள் தமக்குரிய ஒதுக்கீட்டுக்குள் தொடரலாம். அந்த ஒதுக்கீட்டுக்காக இப்போது அவற்றின் வாசலில் நிற்பவர்களில் பலர், 2016 குளிர்காலத்தில் விமான நிலையத்தில் வரவேற்கப்பட்டு, இன்று தங்கள் அண்ணனின் பெயரை எழுதிய தாளோடு வந்திருப்பவர்கள்.